'திறன் மேம்பாடு' என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஒரு சின்ன அறக்கட்டளையில் திட்ட அலுவலராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஊராட்சிக் குடிநீர்க் குழுக்களோடு வேலை செய்ய வெளிநாட்டு நிதி கேட்டு விண்ணப்பம் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் 'உள்ளூர் அமைப்புகளின் திறன் மேம்பாடு' என்ற பகுதி கட்டாயம். பழைய விண்ணப்பங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் பயிற்சி முகாம், பயிற்சிக் கையேடு, மறுபடி பயிற்சி முகாம். "வெளியிலிருந்து வந்த பணத்தால் ஓர் உள்ளூர் அமைப்பு நிஜமாகவே காலூன்றிய கதை எங்காவது உண்டா, இல்லை இது வெறும் சடங்கா?" என்று கேட்கிறீர்கள்.

உண்டு. ஆனால் சடங்குதான் அதிகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பரணில் சணல் பைகள் ஒரு கட்டு கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு திட்டத்தின் பெயர், கொடையாளியின் சின்னம். திட்டங்கள் முடிந்து வருடக்கணக்காகிவிட்டது. பைகள் இன்னும் மார்க்கெட்டுக்குப் போய் வருகின்றன. அதில் ஒரு பை, மாவட்டத் தலைநகரில் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்த மூன்று நாள் முகாமில் கொடுத்தது. குடிநீர்க் குழுக்களுக்கு நிதி மேலாண்மை சொல்லிக்கொடுக்கும் முகாம். பயிற்றுநர் நான். இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு ஓர் ஊராட்சிச் செயலர் எழுந்தார். "சார், போர் மோட்டார் காயில் அடிக்கடி போயிடுது. மெக்கானிக் பில்லெல்லாம் தரமாட்டான், துண்டுச் சீட்டுலதான் எழுதிக் கொடுப்பான். ஆடிட்ல அதை ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ரெண்டு நாள் தண்ணி வரலேன்னா ஊரே என் வீட்டு வாசல்ல நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

என் கையேட்டில் வெளிப்படைத்தன்மைக்கு ஒரு அத்தியாயம் இருந்தது. துண்டுச் சீட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் பத்து கிலோமீட்டர் தள்ளி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. முகாம் முடிந்தது, குரூப் போட்டோ எடுத்தோம், பயணப்படி கொடுத்தோம், நாற்பத்திச் சொச்சம் பேரின் திறன் மேம்பட்டதாக அறிக்கையும் அனுப்பினோம். அந்தச் செயலரின் மோட்டார் என்ன ஆனதென்று நான் விசாரிக்கவில்லை.

சரி, நடந்த கதைக்கு வருகிறேன். ஒரே ஓர் உதாரணம்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது கல்லோயா.

கிழக்கிலங்கையில் அம்பாறைப் பக்கம். தமிழில் பட்டிப்பளை ஆறு. இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு, 1949இல், அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைப் பார்த்து ஓர் அபிவிருத்திச் சபையை அமைத்தார்கள். இங்கினியாகலையில் அணை எழுந்தது. நீர்த்தேக்கத்துக்குப் பிரதமரின் பெயரால் சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயர். காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டி, வெளி மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்களைப் பெருமளவில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இடது கரை வாய்க்காலில் தலைமடை பெரும்பாலும் அவர்களுக்கு. கரையோரமாகத் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்துவந்த தமிழ் பேசும் மக்கள் கடைமடையில். 1956 ஜூனில், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த வேளையில், கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். சுதந்திர இலங்கையின் முதல் பெரிய இனக் கலவரங்களில் அது ஒன்று. அந்த இரத்தத்தை மறைத்துவிட்டு இந்த ஊரை ஒரு வளர்ச்சிக் கதையாகச் சொல்வது நியாயமில்லை. அதனால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1970களின் கடைசியில் இடது கரை வாய்க்கால் சீரழிந்து கிடந்தது. மதகுகள் உடைந்திருந்தன. வயல் வாய்க்கால்கள் மண் மூடி, புல் மண்டிக் கிடந்தன. தலைமடையில் இருப்பவர் தேவைக்கு மேல் பாய்ச்சுவார். கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீர்ப்பாசனத் திணைக்களத்துக்காரர்கள் விவசாயிகளைத் தண்ணீர்த் திருடர்கள் என்றார்கள். விவசாயிகள் அவர்களைப் பொய்யர்கள் என்றார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

1979இல் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் இதைச் சீரமைக்கப் பணம் கொடுத்தது. முதன்மையாக அது ஒரு கட்டுமானத் திட்டம்தான்: கான்கிரீட், மதகு, இயந்திரம். விவசாயிகளை அமைப்பாக்குவது ஓர் ஒட்டுப்பகுதி. அந்த ஒட்டுப்பகுதியைக் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும், அதற்குத் துணையாகக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் குழுவும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் நிலைத்தது அந்த ஒட்டுப்பகுதிதான்.

1981இல் முப்பது பேருக்குச் சற்று அதிகமான இளம் பட்டதாரிகளை 'அமைப்பாளர்கள்' என்று வேலைக்கு எடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஜீப்பில் வந்து போகிற வேலை கிடையாது; அங்கேயே தங்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்த அறிவுரையில்தான் விஷயமே இருக்கிறது. போனவுடன் சங்கம் அமைக்காதே, தலைவர் செயலாளர் பொருளாளர் தேர்தல் நடத்தாதே, ரசீதுப் புத்தகம் அச்சடிக்காதே. முதலில் வீடு வீடாகப் போ, வரப்பில் நட, கேள். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்துப் பதினைந்து, மிஞ்சினால் இருபது குடும்பங்கள் இருக்கும். அவர்களை ஒன்றாக உட்காரவை. ஏதாவது ஒரு வேலையை அவர்களே சேர்ந்து செய்து முடிக்கட்டும். பிறகு தேவைப்பட்டால் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கட்டும், அதுவும் ஓட்டுப் போட்டு அல்ல, எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஆளாக.

நம் ஊரில் இதை எப்படித் தலைகீழாகச் செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். முதல் நாளே குழு, முதல் நாளே தீர்மான நோட்டு, முதல் நாளே வங்கிக் கணக்கு. அப்புறம் மூன்று வருடம் அந்தக் குழுவுக்கு ஒரு வேலை தேடுவோம்.

அந்த வருடம் நீர்த்தேக்கத்தில் கால் பங்கு அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. சிறுபோகம், அதாவது வறண்ட பருவச் சாகுபடி, நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட வருடத்தில் சண்டை வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் சில வாரங்களிலேயே வயல் வாய்க்கால்களில் ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வருடக்கணக்காக யாரும் தொடாத வாய்க்கால்களைச் சிரமதானமாகத் தூர்வாரினார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். சில இடங்களில் தலைமடைக்காரர்கள் தங்களுக்குப் போதும் என்று மடையை அடைத்துக் கீழே விட்டார்கள். கீழே இருந்தவர்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு.

திடீரென்று எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்களா? அப்படி இல்லை. என் கருத்து, அவர்கள் முன்பும் மோசமானவர்கள் இல்லை. ஒருவர் மட்டும் வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்தால் பலன் பக்கத்து வயல்காரருக்குப் போகும். ஒருவர் மட்டும் தண்ணீரை மிச்சம் பிடித்தால் அதை அடுத்த மடைக்காரர் எடுத்துக்கொள்வார். பத்துப் பேரும் ஒரே நாளில் இறங்கினால்தான் அது புத்திசாலித்தனம். அந்தப் பத்துப் பேரையும் ஒரே நாளில் இறக்க வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார்: நிலம் இல்லாதவர், தண்ணீரில் பங்கு இல்லாதவர், எந்தப் பக்கத்துக்கும் சொந்தக்காரர் இல்லாதவர். அந்த ஆளுக்குச் சம்பளமும் தங்க இடமும் கொடுக்க வெளிநாட்டுப் பணம் உதவியது. மொத்தத் திட்டச் செலவில் அது சிறு துளி.

பிறகு படிப்படியாக மேலே கட்டினார்கள். வயல் வாய்க்கால் பிரதிநிதிகள் சேர்ந்து பகிர்வு வாய்க்கால் அமைப்பு. அதற்கு மேல் வட்டாரக் குழு. அதற்கும் மேல், பொறியாளர்களோடும் அதிகாரிகளோடும் ஒரே மேசையில் உட்காரும் திட்டக் குழு. இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று: மாறியது விவசாயிகள் மட்டுமல்ல. வாய்க்கால் வடிவமைப்பைப் பொறியாளர்கள் விவசாயிகளோடு நடந்து பார்த்துத் திருத்தத் தொடங்கினார்கள். எந்த மதகு எங்கே இருந்தால் யார் உடைப்பார் என்பது வரைபடத்தில் தெரியாது, முப்பது வருடம் அந்த மடையில் நின்றவனுக்குத்தான் தெரியும். நிதி விண்ணப்பங்களில் 'திறன் மேம்பாடு' என்றால் எப்போதும் ஊர் மக்களுக்குத்தான். அதிகாரிக்கு, பொறியாளருக்கு, கொடையாளியின் ஆளுக்குத் திறன் குறைவு என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் பணம் வராது என்பது வேறு விஷயம்.

கோளாறுகளும் இருந்தன. அமைப்பாளர்களுக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. அரசாங்கத்தில் ஆசிரியர் வேலை கிடைத்ததும் பலர் கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. புதிதாக ஆட்களை எடுத்து, மறுபடி பழக்கி, மறுபடி இழந்தார்கள். திட்டமும் 1985இல் முடிந்தது. ஆனால் 1984இலேயே அரசு நீர்ப்பாசன முகாமைத்துவத்துக்கு என்று ஒரு தனிப் பிரிவை உருவாக்கியிருந்தது. 1988இல் விவசாயிகளின் பங்கேற்போடு நீர்ப்பாசனம் நடத்துவதை அமைச்சரவை கொள்கையாகவே ஏற்றது.

அடுத்த காட்சி 1997 சிறுபோகம். அமெரிக்கப் பணம் நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. நடுவில் உள்நாட்டுப் போர். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைவு. ஒரு சிறு பகுதியில் மட்டும்தான் பயிர் செய்ய முடியும் என்பது அதிகாரிகளின் கணக்கு. விவசாயிகள் அமைப்புகள் ஒத்துக்கொள்ளவில்லை. இருப்பதை எல்லாருக்கும் பிரித்துக்கொள்கிறோம், சிக்கனமாகப் பாய்ச்சிக் காட்டுகிறோம் என்று வாதாடி, இடது கரை முழுவதும் விதைத்தார்கள். அறுவடை வழக்கமான அளவுக்குக் குறையவில்லை. கொடையாளி இல்லை, ஆலோசகர் இல்லை, பை இல்லை. ஓர் அமைப்புக்குத் திறன் இருக்கிறதா என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. திட்டம் முடிகிற மாதத்தில் வருகிற மதிப்பீட்டுக் குழு இதைப் பார்த்திருக்கவே முடியாது.

தண்ணீர் பகிர்ந்துகொண்டதால் கிழக்கிலங்கையின் காணிப் பிரச்சினையோ இனப் பிரச்சினையோ தீர்ந்துவிடவில்லை. வாய்க்கால் அமைப்பு வாய்க்காலுக்கு உரியதைத்தான் செய்யும்.

இரண்டாவது உதாரணம் முற்றிலும் வேறு மாதிரி. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் குடிநீர் ஆணையம். 1993இல், கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் ஆட்சி விட்டுச்சென்ற அழிவிலிருந்து நாடு மெல்ல எழுந்துகொண்டிருந்த நேரத்தில், எக் சோன் சான் என்ற பொறியாளர் அதற்குத் தலைவராக வந்தார். நகரத்தின் சிறு பகுதிக்குத்தான் குழாய்த் தண்ணீர், அதுவும் நாளில் சில மணி நேரம். உற்பத்தியாகும் தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டைக் குழாய் ஒரு காரணம். ஊழியர்களே திருட்டு இணைப்பு விற்றது இன்னொரு காரணம். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தபோது, தண்ணீர் எடுத்துக்கொண்டு பட்டியலில் இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தார்கள். பட்டியலில் இருந்து ஊரில் இல்லாதவர்களும் ஆயிரக்கணக்கில். நம் ஊர் போலி ரேஷன் அட்டைக் கதைதான்.

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான், பிரான்ஸ் எல்லாம் பணம் கொடுத்தன. குழாய் மாற்றினார்கள், சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். ஆனால் பணம் வந்த நகரங்கள் உலகத்தில் நிறைய. இப்படி நிமிர்ந்தவை குறைவு. எக் சோன் சான் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. மீட்டர் பொருத்த ஒரு ராணுவ ஜெனரலின் வீட்டுக்குப் போன ஊழியர்களை விரட்டிவிட்டார்கள். இவரே போனார். ஜெனரல் துப்பாக்கியை எடுத்து இவர் தலையில் வைத்தார். இவர் திரும்பிப்போய், ஆயுதம் தாங்கிய காவலோடு வந்து, இணைப்பைத் துண்டித்துவிட்டார். கடைசியில் ஜெனரல் மீட்டருக்குச் சம்மதித்துப் பணம் கட்டினார்.

இதை எந்தப் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுப்பீர்கள்? அவருக்கு அந்தத் தைரியம் இருந்தது ஒரு பங்கு. இன்னொரு பங்கு, 1996இல் அரசு அந்த ஆணையத்துக்குத் தன்னாட்சி கொடுத்தது: தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளலாம், ஊழியர்களைத் தானே நியமிக்கலாம், நீக்கலாம். திருடிய ஊழியர் வெளியே போனார், உழைத்தவருக்குச் சம்பளம் கூடியது. ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார்கள். லாரிக்காரனிடம் குடம் கணக்கில் வாங்குவதைவிடக் குழாய்த் தண்ணீர் அவர்களுக்கு மலிவாகவே இருந்தது. கணக்கில் வராத தண்ணீர் 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர். 2006இல் எக் சோன் சானுக்கு மகசேசே விருது. 2012இல் கம்போடியப் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் நிறுவனம் இந்தக் குடிநீர் ஆணையம்தான். சென்னையில் கோடையில் லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும்போது இந்தக் கதை நினைவுக்கு வந்தால் வயிறு எரியும், எச்சரிக்கிறேன்.

இரண்டு கதையிலும் எனக்குப் படுவது ஒன்றுதான். அமைப்பின் கையில் நிஜமான ஒரு பொருள் இருந்தது: ஓரிடத்தில் தண்ணீர் முறை, இன்னோரிடத்தில் கட்டணமும் ஊழியர்களும். அதில் முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. தப்பு செய்தால் அவர்களே அனுபவிப்பார்கள், சரியாகச் செய்தால் பலனும் அவர்களுக்கே. வெளிப்பணம் அந்தக் காலகட்டத்தைத் தாண்ட உதவியது. கையில் எதுவுமே இல்லாத குழுவுக்கு எத்தனை முகாம் நடத்தினாலும், பந்து இல்லாமல் கால்பந்துப் பயிற்சி கொடுப்பதுதான்.

நம் ஊரிலும் ஒன்று சொல்கிறேன். சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சி, 1990களின் கடைசி. செப்டிக் டாங்கும் கழிவுநீர் லாரியுமாக இருந்த ஊர், பாதாளச் சாக்கடை வேண்டும் என்று முடிவு செய்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை, அப்புறம் மாதக் கட்டணம். அந்தக் காலத்தில் 5,000 சின்னத் தொகை இல்லை. நகராட்சித் தலைவரும் உறுப்பினர்களும் குடியிருப்போர் சங்கங்களோடு தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பணம் திரட்டினார்கள். மீதிக்குக் கடன் தந்தது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம். உலக வங்கி உதவியோடு 1988இல் நகராட்சிகளுக்கான நிதியாகத் தொடங்கி, 1996இல் மாநில அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் நிதியமாக மாறியது அது. யுஎஸ்எய்டின் நகர்ப்புறத் திட்டம் தொழில்நுட்ப ஆலோசனை கொடுத்தது. வேலை முடிந்தது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. பணம் கட்டியவர்கள் "எங்க தெருவுக்கு எப்போ வரும்?" என்று நகராட்சியைத் துளைத்தெடுத்தார்கள். ரசீது கையில் இருக்கிறவன் கேட்கிற கேள்விக்குத் தனி வலு உண்டு.

2011இல் சென்னை மாநகராட்சியை விரிவாக்கியபோது ஆலந்தூர் நகராட்சி அதில் கரைந்துபோனது. அந்த மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேல் கவுன்சிலரே கிடையாது. ஊராட்சிகள் பக்கம் பார்த்தால், 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த மாவட்டங்களில் தனி அலுவலர்களை நியமித்தார்கள். நீங்கள் எந்த ஊராட்சித் தலைவருக்குத் திறன் மேம்பாடு எழுதப் போகிறீர்களோ, அவர் பதவியில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. தேர்தல் நடத்தாமல் விட்டுவிட்டு உள்ளாட்சிக்கு வலுவூட்டல் திட்டம் போடுவது நம் ஊரின் தனிச்சிறப்பு.

உதவியே அமைப்பைக் கெடுப்பதும் நடக்கிறது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கிலங்கைக் கரையில் நிறுவனங்கள் குவிந்தன. கல்லோயாத் தண்ணீர் கடலைச் சேர்கிற அதே அம்பாறைதான் இலங்கையிலேயே அதிகம் பேர் இறந்த மாவட்டம். 2006இல் வெளியான சர்வதேசக் கூட்டு மதிப்பீடு வெளிப்படையாகவே சொன்னது: வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களை ஓரங்கட்டினார்கள், உள்ளூர் அமைப்புகளின் நல்ல ஊழியர்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டார்கள். கணக்குத் தெரிந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், வண்டி ஓட்டத் தெரிந்தவர் எல்லாம் வெள்ளை ஜீப்புக்குப் போய்விட்டால் உள்ளூர்ச் சங்கத்தில் யார் மிஞ்சுவார்? நாகப்பட்டினம் பக்கத்திலும் இதன் சின்ன வடிவத்தை நான் பார்த்தேன். ஒரு மீனவர் கூட்டுறவுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த பையன் ஒரே மாதத்தில் 'கள ஒருங்கிணைப்பாளர்' ஆனான். இரண்டு வருடத்தில் திட்டம் மூடியது. அவன் துபாய் போனான். கூட்டுறவின் நோட்டு அவன் விட்ட பக்கத்திலேயே நின்றது.

இதெல்லாம் கொடையாளிகளுக்குத் தெரியாததில்லை. 2005இல் பாரிஸில் கூடி, அரசுக்கு வெளியே தனியாக அமைக்கும் திட்ட அலுவலகங்களை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 2016இல் இஸ்தான்புல்லில், மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை 2020க்குள் இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளிடம் சேர்ப்போம் என்றார்கள். போய்ச் சேர்ந்தது அதன் அருகில்கூட இல்லை. யுஎஸ்எய்டும் 2021இல் அதே 25 சதவீதத்தை இலக்காக வைத்தது. பத்து சதவீதத்தை ஒட்டியே நின்றது. 2025 ஜூலையில் அந்த நிறுவனமே மூடப்பட்டது. அது நின்றபோது எந்த அமைப்பு தாங்கியது, எது கவிழ்ந்தது என்ற கணக்கு மெல்ல மெல்லத்தான் தெரியவரும்.

உங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதலில் சட்டம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகிவிட்டது. முன்பு பெரிய நிறுவனம் ஒன்று நிதி வாங்கி, பத்துச் சின்ன அமைப்புகளுக்குக் கொடுத்து, வருடக்கணக்கில் கைப்பிடித்து நடத்திவந்தது. அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆகவே குடிநீர்க் குழுவின் வங்கிக் கணக்கில் உங்கள் நிதியைப் போடலாம் என்று கனவு காணாதீர்கள். ஆனால் எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எதை முதலில் செய்வது என்ற முடிவைக் குழுவிடம் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. வவுச்சர் உங்கள் பெயரில் இருக்கட்டும், தீர்மானம் அவர்கள் நோட்டில் இருக்கட்டும். அவர்கள் தப்பான மோட்டாரை வாங்கத் தீர்மானித்தால் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அதன் பிறகும் அதுதான் வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு தடவை தப்பான மோட்டார் வாங்கிய குழு அடுத்த தடவை நான்கு கடை ஏறி விசாரிக்கும். இதையெல்லாம் எழுதுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி முகாமுக்கு ஒதுக்கும் தொகையில் பெரும்பகுதியை, ஒரே ஆள் அந்த ஊர்களிலேயே இரண்டு மூன்று வருடம் இருப்பதற்கான சம்பளமாக மாற்றுங்கள். கொடையாளி "இது வெறும் சம்பளச் செலவாகத் தெரிகிறதே" என்பார். கல்லோயாவைச் சொல்லுங்கள். அந்த ஆளின் முதல் ஆறு மாதத்துக்கு 'குழு அமைத்தல்' என்று இலக்கு வைக்காதீர்கள். 'மேல்நிலைத் தொட்டியைக் கழுவியது', 'உடைந்த வால்வை மாற்றியது' என்று ஊர்க்காரர்கள் தாங்களே செய்து முடித்த வேலைகளை எழுதச் சொல்லுங்கள். அவர் சம்பளம் வேலை முடியும்வரை நிச்சயம் என்று எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் டிஎன்பிஎஸ்சி முடிவு வருகிற அன்று ஆள் இருக்க மாட்டார். தப்பு அவர் மேலும் இல்லை. முகாம் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு வையுங்கள், ஆனால் ஒன்றிய அலுவலகத்தில், அங்கே தணிக்கை பார்க்கிறவரையே பேசவையுங்கள். ஹோட்டல் செலவு மிச்சம்.

மதிப்பீட்டுக்குத் திட்டம் முடிந்து இரண்டு வருடம் கழித்து ஒரு தடவை போய்ப் பார்க்கச் சிறு தொகை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள். மறுத்தால் உங்கள் அறக்கட்டளையின் சொந்தப் பணத்திலாவது பஸ் டிக்கெட் எடுத்துப் போய் வாருங்கள்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் சொல்லும் குழுக்களில் கடைக்கோடித் தெருவுக்குப் போய், தண்ணீர் திறந்துவிடுகிற தொட்டி ஆபரேட்டரோடு ஒரு விடியற்காலை இருந்து பாருங்கள்: எந்த வால்வை எப்போது திருப்புகிறார், யார் வந்து சத்தம் போடுகிறார், மோட்டார் போனால் முதலில் யாருக்கு போன் அடிக்கிறார். பார்த்ததை இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள், அதை வைத்துப் படிவத்தை நாம் சேர்ந்து நிரப்பலாம்.